தட்டு என்று நினைத்தால் உருளை புரியாது

பழைய ரெக்கார்டுகளின் நடுவட்டத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கும். புனல் வாய்க்கு நேராகத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் அதற்கு 'நாய் மார்க் பிளேட்' என்றே பெயர். அது நிஜமாக வாழ்ந்த நாய், பெயர் நிப்பர். வரைந்தவர் இங்கிலாந்து ஓவியர் ஃபிரான்சிஸ் பாரோ. அவர் முதலில் தீட்டிய படத்தில் நாயின் முன்னால் கிராமபோன் இல்லை, மெழுகு உருளையைச் சுழற்றிப் பேசவைக்கும் போனோகிராப்தான் இருந்தது. 1899-ல் லண்டனிலிருந்த கிராமபோன் கம்பெனி அந்தப் படத்தை வாங்கிக்கொள்ள முன்வந்தது, இயந்திரத்தை மட்டும் மாற்றித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பாரோ உருளை இயந்திரத்தின் மேலேயே வண்ணம் பூசித் தட்டு இயந்திரத்தை வரைந்து கொடுத்தார்.

படத்தின் பெயர் 'தன் எஜமானின் குரல்'. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எஜமான் எங்கே உட்கார்ந்து பேசினார்? கிராமபோனில் வீட்டுக்காரர் எதையும் பதிய முடியாது. தட்டு தொழிற்சாலையிலிருந்து பாட்டோடுதான் வரும். உருளை இயந்திரத்தில் மட்டுமே புனலுக்குள் பேசிவிட்டு, அதே உருளையை மறுபடி ஓடவிட்டுத் தன் குரலைத் தானே கேட்க முடியும். அந்த நாயின் கதைக்கு உருளை இல்லாமல் பொருளே இல்லை.

உருளை ரெக்கார்டுகளைப் பற்றி நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் பாரோ செய்த மாதிரியானவை. உருளையின் மேல் தட்டை வரைந்துவிடுகிறோம். தமிழில் நமக்குள்ள சொல்லும் 'இசைத்தட்டு'தான். அதற்குக் காரணம் உண்டு. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்தபோதே இந்தியாவில் ரெக்கார்டு வியாபாரம் தட்டில் தொடங்கிவிட்டது. உருளை இங்கே பரவலாக வீடுகளுக்குள் வரவில்லை. அதனால் வரலாற்றை வாசிக்கும்போதும் தடுமாறுகிறோம், அபூர்வமாக ஒரு உருளை கைக்கு வந்தாலும் அதைத் தட்டைப்போலக் கையாண்டு கெடுத்துவிடுகிறோம்.

எடிசனிலிருந்து தொடங்குவது

ஒலியை முதலில் பதிந்தவர் எடிசன் என்று எழுதுவது தவறு. பாரிஸில் எதுவார்-லெயோன் ஸ்காட் என்ற அச்சகத் தொழிலாளி 1857-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். புகைக்கரி பூசிய தாளை ஒரு உருளையில் சுற்றி, புனலின் அடியிலுள்ள சவ்வில் ஒரு மெல்லிய மயிரைப் பொருத்தி, குரலின் அதிர்வை வளைகோடாக வரையவைத்தார். கண்ணால் பார்த்துப் படிப்பதற்காகத்தான் அதைச் செய்தார். திரும்பக் கேட்கும் எண்ணம் அவருக்கு இல்லை. 1877 ஏப்ரலில் ஷார்ல் க்ரோ என்ற பிரெஞ்சுக் கவிஞர், அப்படிப் பதிந்ததைத் திரும்ப ஒலிக்கவைக்கும் வழியை எழுதி, முத்திரையிட்ட உறையில் பாரிஸ் அறிவியல் அகாதமியிடம் ஒப்படைத்தார். கருவி செய்ய அவரிடம் வசதி இல்லை. பதிந்ததைத் திரும்பப் பேசவைக்கும் கருவியை முதலில் செய்து காட்டியவர் எடிசன். அந்தப் பெருமை அவருக்குப் போதும்.

தேதியிலும் ஒரு தவறு சுற்றிக்கொண்டிருக்கிறது. 1877 ஆகஸ்ட் 12 என்று குறித்த ஒரு வரைபடத்தை வைத்து, அன்றுதான் போனோகிராப் பிறந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்தத் தேதி பல ஆண்டுகள் கழித்து அதில் எழுதப்பட்டது. நியூ ஜெர்சியில் எடிசனின் மென்லோ பார்க் பட்டறையில் அவரது உதவியாளர் ஜான் க்ரூசி முதல் இயந்திரத்தைச் செய்து முடித்தது 1877 டிசம்பர் தொடக்கத்தில். காப்புரிமை கிடைத்தது 1878 பிப்ரவரி 19 அன்று.

அப்புறம், 'மேரி வளர்த்த ஆட்டுக்குட்டி' பாட்டை எடிசன் சொல்லும் ஒரு ஒலிப்பதிவு. உலகின் முதல் பதிவு என்ற தலைப்போடு அது எங்கும் பகிரப்படுகிறது. அது 1927-ல், ஐம்பதாம் ஆண்டு விழாவில் கிழவரான எடிசன் மறுபடி சொல்லிக் காட்டியது. 1877-ல் அவர் சொன்னது நம்மிடம் இல்லை.

இருக்க வாய்ப்பும் குறைவு. முதல் இயந்திரத்தில் மெழுகே கிடையாது. திருகுவரி வெட்டிய பித்தளை உருளையின் மேல் ஒரு வெள்ளீயத்தாள் சுற்றப்பட்டிருக்கும். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே கத்திப் பேச வேண்டும். சவ்வின் ஊசி தாளைக் குத்திக் குழிக்கும். சில தடவை ஓட்டினால் குழிகள் அமுங்கிவிடும். தாளைக் கழற்றினால் மறுபடி அதே இடத்தில் பொருத்துவது பெரும்பாடு. செயின்ட் லூயிஸில் 1878 ஜூனில் பதிந்த ஒரு தாளை 2012-ல் ஒளியால் அளந்து கணினி மூலம் ஒலிக்கவைத்தார்கள் என்பதே பெரிய அதிசயம்.

மெழுகு என்றால் தேன்மெழுகு என்று எண்ணுவது

எடிசன் மின்விளக்கில் மூழ்கிப்போனார். போனோகிராப் ஏறக்குறைய பத்து ஆண்டு தூங்கியது. அதை எழுப்பியவர்கள் வாஷிங்டனில் வோல்டா ஆய்வகத்திலிருந்த சிச்செஸ்டர் பெல், சார்ல்ஸ் டெயின்டர் இருவரும், அவர்களோடு தொலைபேசிப் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும். குத்திக் குழிப்பதை விட்டு மெழுகில் செதுக்கி எடுக்கலாம் என்று அவர்கள் கண்டார்கள். 1886-ல் காப்புரிமை பெற்ற அவர்களுடைய கிராஃபோபோனில் அட்டைக் குழாயின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருந்தது. போட்டி வந்ததும் எடிசன் விழித்துக்கொண்டார். 1888 ஜூனில் முழுக்க மெழுகாலான கனத்த உருளையோடு திரும்பி வந்தார்.

மெழுகு என்று சொல்கிறோமே தவிர, அந்தப் பழுப்பு உருளைகள் பெரும்பாலும் ஒருவகை உலோகச் சோப்பு. ஸ்டியரிக் அமிலத்தைக் காரத்தோடும் அலுமினியச் சேர்மத்தோடும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். சோப்புக் காய்ச்சுகிறவருக்கு இந்தப் பக்குவம் உடனே புரிந்துவிடும். எடிசனின் வேதியியலாளர் ஜோனஸ் எய்ல்ஸ்வொர்த் பல ஆண்டுகள் அந்தக் கலவையோடு மல்லாடினார். ஊசி சுத்தமாக வெட்டும் அளவுக்கு மென்மை, பலமுறை ஓடினாலும் தேயாத அளவுக்குக் கடினம், இரண்டும் ஒரே பொருளில் வேண்டும். தேன்மெழுகு என்று நினைத்துக்கொண்டு சுத்தம் செய்யப் போகிறவர்கள்தான் பின்னால் அழுகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊசி பக்கவாட்டில் ஆடுகிறது, மின்சாரம் ஒலியைக் கூட்டுகிறது

இரண்டுமே தட்டிலிருந்து கடன் வாங்கிய எண்ணங்கள்.

எமில் பெர்லினரின் தட்டில் (காப்புரிமை 1887) ஊசி இடமும் வலமும் அசையும். உருளையில் அது மேலும் கீழும் போகும். பள்ளத்தின் அடித்தளமே மேடும் பள்ளமுமாக இருக்கும். ஊசி அதில் ஏறி இறங்க, அந்த அசைவு சிறு நெம்புகோல் வழியாகச் சவ்வுக்குப் போகும், சவ்வு புனலுக்குள் காற்றை அசைக்கும். அவ்வளவுதான். ஒலி பிறக்கும் பாதையில் எங்கும் மின்சாரம் இல்லை. 1888-ன் எடிசன் இயந்திரத்தில் மின்கலம் உண்டு, ஆனால் அது உருளையைச் சுழற்ற மட்டும். 1890-களின் நடுவில் கடிகாரத்தைப்போலச் சாவி கொடுக்கும் ஸ்பிரிங் மோட்டார் வந்த பிறகுதான் இயந்திரம் சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது. 1899-ல் எடிசனின் 'ஜெம்' ஏழரை டாலருக்குக் கிடைத்தது.

இன்னொன்று. கிராமபோனில் ஊசியைப் பள்ளமே இழுத்துக்கொண்டு போகும். பெரும்பாலான உருளை இயந்திரங்களில் அப்படி இல்லை. உருளைக்கு இணையாக ஒரு திருகுதண்டு இருக்கும். ஊசியும் சவ்வும் அடங்கிய ரீப்ரொடியூசரை அந்தத் தண்டுதான் அங்குலத்துக்கு 100 வரி என்ற கணக்கில் நகர்த்திச் செல்லும். வீட்டிலேயே பதிவு செய்ய முடிந்ததும் இதனால்தான். வெறும் மெழுகில் பள்ளம் ஏது, ஊசியை வழிநடத்த? தண்டு வழிகாட்ட, ஊசி வெட்டிக்கொண்டே போகிறது. இந்த ஒரு தண்டுதான் உருளையின் ஆன்மா என்று எனக்குத் தோன்றும்.

பாட்டுக் கேட்பதற்காகவே கண்டுபிடித்தார்கள் என்பது

எடிசன் 1878-ல் போனோகிராப்பின் பயன்களை வரிசைப்படுத்தி எழுதியபோது கடிதம் சொல்லி எழுதவைப்பது முதலிடத்தில் இருந்தது. பார்வையற்றோருக்கான பேசும் புத்தகம், குடும்பத்தாரின் குரல்களைச் சேமித்து வைப்பது எல்லாம் பட்டியலில் உண்டு, பாட்டும் உண்டு. 1888-ல் ஜெஸ்ஸி லிப்பின்காட் என்பவர் எடிசன், கிராஃபோபோன் என்ற இரு தரப்பு உரிமைகளையும் வாங்கி, அலுவலகங்களுக்கு இயந்திரத்தை வாடகைக்கு விட்டார். வியாபாரம் படுத்துவிட்டது. 1889 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மதுக்கடையில் லூயிஸ் கிளாஸ் என்பவர் காசு போட்டால் பாடும் இயந்திரத்தை வைத்தார். காதில் குழாயைச் செருகிக்கொண்டு கேட்க வேண்டும். காசு கொட்டியது. ஜனங்கள்தான் அதைப் பாட்டுப் பெட்டியாக மாற்றினார்கள்.

ஒரே பாட்டு என்றால் ஒரே பதிவு என்று நம்புவது

உருளை வரலாற்றில் எனக்கு நெஞ்சைத் தொடும் பகுதி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

தட்டுக்கு ஒரு அச்சு போதும். ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். உருளைக்கு ஆரம்பத்தில் அந்த வசதி இல்லை. வரிசையாகச் சில இயந்திரங்களை வைத்து, எல்லாப் புனல்களுக்கும் முன்னால் பாடகரை நிறுத்துவார்கள். ஒருமுறை பாடினால் அந்தச் சில உருளைகள் மட்டும் கிடைக்கும். உருளைகளை மாற்றிவிட்டு மறுபடி பாட வேண்டும். அதே பாட்டு, அதே வேகம், அதே தெம்பு. நாள் முழுக்க.

ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பதிவுப் பாடகர். அவருடைய புகழ்பெற்ற பாட்டில் பல்லவி முழுவதும் தாளத்தோடு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவர் 1890-களில் ஆயிரக்கணக்கான தடவை சிரித்திருக்கிறார். கூலிக்காக, தொண்டை வறள, சுருதி பிசகாமல். அவரது ஒரு உருளை இன்று கிடைத்தால் அதிலிருக்கும் சிரிப்பு இன்னொரு உருளையிலிருக்கும் சிரிப்பு இல்லை. பட்டியல் எண் ஒன்றாக இருக்கும், பாட்டின் பெயர் ஒன்றாக இருக்கும், பாடிய வேளை வேறு. ஓர் உருளையிலிருந்து இன்னொன்றுக்கு நெம்புகோல் வழியாகப் படியெடுக்கும் முறையும் பழக்கத்துக்கு வந்தது. ஆனால் படியில் ஒலி மங்கும், மூல உருளையும் சீக்கிரம் தேயும்.

ஆகவே 'இது எல்லா ஆவணக்காப்பகத்திலும் இருக்குமே' என்று ஒரு பழுப்பு மெழுகுருளையை அலட்சியமாக வைக்காதீர்கள். இந்த நிலை மாறியது 1902-ல். மூல உருளையை வெற்றிடத்தில் வைத்து அதன் மேல் தங்க ஆவியை மெல்லிய படலமாகப் படியவைத்தார்கள். அதன் மேல் மின்முலாம் ஏற்றி அச்சு எடுத்தார்கள். அச்சில் வார்த்த கறுப்பு மெழுகு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், உருளை தானாகவே கழன்று வரும். எடிசன் அதற்கு 'கோல்டு மோல்டட்' என்று பெயர் வைத்தார். கையில் உள்ள உருளையில் தங்கம் இருக்கிறதா என்று கேட்கிறவர்களும் உண்டு. இல்லை, தங்கம் அச்சு செய்யும் வேலையோடு முடிந்துவிட்டது.

தட்டு நன்றாக ஒலித்ததால் வென்றது என்பது

உருளையில் ஊசிக்கடியில் மெழுகு ஓடும் வேகம் தொடக்கம் முதல் கடைசிவரை ஒன்றே. தட்டில் உள்வட்டம் நெருங்க நெருங்க ஊசி கடக்கும் தூரம் குறைகிறது, ஒலி நெருக்குண்டு மங்குகிறது. பொறியியல் கண்ணால் பார்த்தால் உருளைதான் நேர்மையான வடிவம். தட்டு வென்றதற்குக் காரணங்கள் வேறு: அழுத்தி எடுப்பது எளிது, அலமாரியில் புத்தகம்போல அடுக்கலாம், இரண்டு பக்கமும் பாட்டு, நடுவில் பெயர்ச்சீட்டு ஒட்ட இடம். பெரிய பாடகர்களையும் தட்டுக் கம்பெனிகள் வளைத்துக்கொண்டன.

உருளை உடனே சாகவும் இல்லை. 1908-ல் வரிகளை அங்குலத்துக்கு 200 ஆக நெருக்கி, இரண்டு நிமிடத்தை நான்காக்கினார் எடிசன், அதுதான் அம்பரோல். மெழுகில் செய்த அந்த உருளைகள் சட்டென உடைந்தன. 1912-ல் பிளாஸ்டர் உள்கூட்டின் மேல் நீலச் செல்லுலாய்டு போர்த்திய புளூ அம்பரோல் வந்தது, அதற்கு வைர முனை. 1915 வாக்கிலிருந்து புளூ அம்பரோல்களில் பலவும் எடிசனுடைய சொந்தத் தட்டுகளை ஓடவிட்டு அதிலிருந்து படியெடுத்தவை. உருளையின் கடைசிக் காலத்தை மட்டும் கேட்டுவிட்டு உருளையின் தரம் இவ்வளவுதான் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். 1929 அக்டோபரில் எடிசன் கம்பெனி உருளையை நிறுத்தியது.

வேகத்தைச் சரிபார்க்காமல் கேட்பது

1902-க்குப் பிந்தைய உருளைகளுக்கு நிமிடத்துக்கு 160 சுற்று என்பது பெரும்பாலும் பொருந்தும். அதற்கு முந்தைய பழுப்பு உருளைகள் 120-லிருந்து 160 வரை எந்த வேகத்திலும் பதியப்பட்டிருக்கலாம். 125-ல் பதிந்ததை 160-ல் ஓட்டினால் ஒரு கட்டைச் சுருதியில் பாடியவர் மூன்று கட்டைக்கும் மேலே போய்விடுவார். ஆண் குரல் சிறுவன் குரலாகும். ஸ்காட் 1860-ல் வரைந்த பிரெஞ்சு நாட்டுப்பாடலை 2008-ல் கணினியில் ஒலிக்கவைத்தபோது ஒரு சிறுமி பாடுவதாகவே அறிவித்தார்கள். பிறகுதான் இருமடங்கு வேகத்தில் ஓட்டியது தெரிந்தது. பாடியது ஒரு ஆண், மெதுவாக, அநேகமாக ஸ்காட்டே. நிபுணர்களுக்கே நேர்ந்த தவறு இது. குரலின் இயல்பையும் பேச்சின் நடையையும் கேட்டு வேகத்தை முடிவு செய்யுங்கள்.

கையில் உருளை கிடைத்தால்

முதல் தவறு, ஆர்வத்தில் உடனே ஓட்டிப் பார்ப்பது. கிராமபோனின் எஃகு ஊசியை மெழுகின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உருளைக்குரிய நீலக்கல் முனையிலும் இரண்டு நிமிட உருளைக்கு ஒன்று, நான்கு நிமிட உருளைக்கு இன்னொன்று என்று உண்டு. நான்கு நிமிட முனை நுண்ணியது. இரண்டு நிமிட மெழுகை உழுதுவிடும். வைர முனை புளூ அம்பரோலுக்கு மட்டும், மெழுகுக்கு ஒருபோதும் இல்லை. இயந்திரத்தின் பல்சக்கரமும் 100 வரிக்கா 200 வரிக்கா என்று பார்க்க வேண்டும். ரீப்ரொடியூசரைத் தூக்காமல் பக்கவாட்டில் தள்ளினால் திருகுதண்டின் மெல்லிய வரிகள் நொறுங்கும்.

உருளையின் வெளிப்புறத்தைத் தொடாதீர்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு, மெதுவாக விரித்து எடுக்க வேண்டும். குளிர்ந்த மெழுகைச் சூடான கையில் இறுகப் பிடித்தால் அப்படியே விண்டுவிடும். வெளியிலிருந்து கொண்டுவந்த உருளையை அறையின் வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு செருகுங்கள். உள்பக்கம் ஒரு முனை அகலமாக, மறுமுனை குறுகலாக இருக்கும். பெயர் பொறித்திருந்தால் அந்த விளிம்பு வலப்பக்கம் வர, தானாக நிற்கும் இடம்வரை மட்டும். கேட்டு முடித்ததும் கழற்றிவிட வேண்டும். இயந்திரத்திலேயே விட்டுவைத்தால் மெழுகு சுருங்கி, தான் செருகப்பட்ட தண்டை இறுக்கி விரிசல் விடும்.

மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது தங்குதடையின்றி வளரும். பூஞ்சை மெழுகைத் தின்றுதான் வளர்கிறது, தின்ற இடத்துக் குரல் திரும்பாது. ஸ்பிரிட், சோப்புத்தண்ணீர், தேங்காயெண்ணெய் எதையும் மெழுகில் தடவாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளூ அம்பரோலை ஈரத்துணியால் லேசாகத் துடைக்கலாம், ஆனால் உள்ளே பிளாஸ்டரில் ஈரம் பட்டால் அது ஊதிப்போய் இயந்திரத்தில் ஏறாது. செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் விளக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

பழுப்பு உருளையின் மேல்தோலைச் சீவிவிட்டு மறுபடி பதியலாம் என்பது அன்று பெரிய வசதி. சீவுளி இயந்திரத்தோடேயே வரும். எத்தனையோ குடும்பக் குரல்கள் அப்படித்தான் தூளாகக் கொட்டின. வெறும் உருளை என்று தோன்றினாலும் சீவிவிட வேண்டாம். மேலோட்டமாகப் பார்த்தால் வெறுமையாகத் தெரிவதில் மெல்லிய வரிகள் இருக்கலாம்.

வீட்டுக் குரல்களும் களப்பதிவுகளும் உலகில் ஒரே ஒரு பிரதியாகத்தான் இருக்கும். 1890-ல் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர் மெய்ன் மாநிலத்தில் பாசமகுவாடி மக்களின் பாட்டையும் பேச்சையும் உருளையில் பதிந்தார். களத்துக்கு போனோகிராப் போனது அதிலிருந்துதான். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் தென்னிந்திய இனவரைவியல் கணக்கெடுப்பின்போது பழங்குடிப் பாடல்களை போனோகிராப்பில் பதிந்தார்கள். இப்படிப்பட்ட உருளையை ஊசி வைத்து ஓட்டவே கூடாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழு உருவாக்கிய முறையில், உருளையைத் தொடாமலே ஒளியால் பள்ளங்களின் ஆழத்தை அளந்து ஒலியாக்குகிறார்கள். வணிக உருளைகளின் பாட்டைக் கேட்கத்தான் ஆசை என்றால் சாந்தா பார்பரா பல்கலைக்கழக நூலகம் பத்தாயிரத்துக்கும் மேலானவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. பழுப்பு உருளையின் மேல் எந்தப் பெயரும் இருக்காது. யார் பாடினார், எந்த ஊர், எந்த நாள் என்பதெல்லாம் அட்டைப் பெட்டியின் மூடியிலோ உள்ளே மடித்து வைத்த சீட்டிலோதான். பெட்டி கிழிந்திருக்கிறது என்று உருளையை வேறு பெட்டிக்கு மாற்றுகிறவர்கள் பழைய பெட்டியையும் சீட்டையும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இரண்டையும் உருளையோடேயே கட்டி வையுங்கள். பிறகு ஒலியாக்கிக் கேட்கும்போது ஆரம்பத்து இரைச்சலை வெட்டிவிடாதீர்கள். பாட்டின் பெயரையும் பாடுகிறவரின் பெயரையும் யாராவது ஒருவர் உரத்த குரலில் அறிவிப்பது அந்த இரைச்சலுக்குள்தான் இருக்கும்.